பாலத்துக்கு முந்திய வாழ்வு

சாப்பாக்குவிடிக் என்ற தீவின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், அமெரிக்க அரசியலில் ஓரளவு பரிச்சயமுள்ளவர்களின் மனத்தில் ஒரு குறுகிய மரப்பாலமும், அதிலிருந்து தலைகுப்புறக் கவிழ்ந்த ஒரு மோட்டார் காரும், கென்னடி சகோதரர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர் ஜனாதிபதி பதவியை எட்ட முடியாமற் போன கதையும் தோன்றுகின்றன. 1969-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி இரவு அந்தக் காரிலே போய் உயிர் நீத்த மேரி ஜோ கோபெக்னி என்ற யுவதியோ, தமது 29-வது பிறந்த நாளைக் காண ஒரு வாரமே பாக்கியிருந்த நிலையில் மாண்டவர் என்ற பரிதாபத்துக்கு மேல் வேறெதற்கும் உரியவரல்லர் என்பது போல, இன்னொருவருடைய சரித்திரத்தின் அடிக்குறிப்பாகவே இத்தனை காலமும் இருந்து வருகிறார். அவர் எப்படி இறந்தார் என்பதைப் பற்றிப் புஸ்தகங்கள் பல வந்துவிட்டன. அவர் என்ன வேலை செய்தார், அதை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதைப் பற்றியே இந்த வாரம் எழுத விரும்புகிறோம்.

பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் நிலக்கரிப் பிரதேசத்திலே, 1940-ல், பெற்றோருக்கு ஏக புத்திரியாகப் பிறந்தவர் மேரி ஜோ. 1962-ல் கல்லூரிப் படிப்பை முடித்ததும், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தினால் உலகப் பிரசித்தி அடைந்திருந்த மாண்ட்கோமரி நகரத்துக்குச் சென்று, அங்கே கத்தோலிக்க மிஷன் ஒன்றில் ஒரு வருஷம் ஆசிரியையாக இருந்தார். பிறகு வாஷிங்டனில் செனட்டர் ஒருவரின் காரியாலயத்தில் உத்தியோகம். ராபர்ட் கென்னடி 1964 தேர்தலில் நியூயார்க்கின் பிரதிநிதியாகச் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், அவருடைய காரியாலயத்துக்கு மாற்றம். வியட்நாமின் மீது குண்டு வீசுவதை நிறுத்த வேண்டும் என்று 1967 மார்ச்சில் ராபர்ட் கென்னடி செனட் சபையில் நிகழ்த்திய, தம் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதியையே பகிரங்கமாக எதிர்த்து நின்ற அந்தப் பிரசங்கத்தின் பிரதியை, திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்துகொண்டிருக்க, அவருடைய இல்லத்தில் கண் விழித்திருந்து டைப் செய்து கொடுத்தவர் மேரி ஜோதான். பிரசங்கம் சரித்திரத்தில் ஏறியது. அதைத் தட்டெழுதிய விரல்களைச் சரித்திரம் விசாரிக்கவில்லை.

1968 மார்ச்சில் ராபர்ட் கென்னடி தாமே ஜனாதிபதித் தேர்தலில் இறங்கியபோது, அந்தப் பிரசார ஸ்தாபனத்தின் தலைமை நிலையத்தில், ஜன்னல் இல்லாத, ஓயாமல் டெலிபோன் அலறிக்கொண்டிருக்கும் ஓர் அறையில் இளம் பெண்கள் ஆறு பேர் அமர்த்தப்பட்டார்கள். அதன் புழுக்கத்தையும் இரைச்சலையும் கொண்டு, கொதிகலன் அறை என்றே எல்லோரும் அதை அழைத்தார்கள். அங்கே நடந்த வேலை இன்னதென்று விளங்க வேண்டுமானால், அந்நாளில் அங்கே அபேட்சகரைப் பொறுக்கிய முறையைச் சற்றே தெரிந்துகொள்வது அவசியம். பெரும்பாலான ராஜ்யங்களில் ஜனநாயகக் கட்சியின் அபேட்சகரை ஜனங்கள் நேராக வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கட்சிப் பிரமுகர்கள் கூடி அனுப்பும் பிரதிநிதிகள், ஆகஸ்டில் சிகாகோ நகரில் நடக்கவிருந்த மகாநாட்டிலே 2,622 வோட்டுகளைப் போடுவார்கள். அவற்றில் 1,312 கிடைத்தவரே அபேட்சகர். ராஜ்யங்களில் நடந்த பூர்வாங்கத் தேர்தல் எதிலும் போட்டியிடாமலே ஹ்யூபர்ட் ஹம்ப்ரி அவ்வருஷம் அபேட்சகராகிவிட்டார் என்றால், அந்தப் பிரதிநிதிகளின் மனப்போக்கு எத்தனை விலையுயர்ந்த சரக்கு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த மனப்போக்கைத்தான் கொதிகலன் அறையில் இருந்த பெண்கள் கணக்கெடுத்தார்கள். ஆளுக்குச் சில ராஜ்யங்கள் பொறுப்பு; மேரி ஜோவுக்குத் தாம் பிறந்த பென்ஸில்வேனியாவும், ராபர்ட் கென்னடி முதன்முதலில் பூர்வாங்கத் தேர்தலைச் சந்தித்து மே 7-ந் தேதி ஜயித்த இந்தியானாவும் வேறு சிலவும். எந்தப் பிரதிநிதி யார் பக்கம் சாய்கிறார், யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவர், எந்தப் பிரச்னையில் அவருக்கு மனத்தாங்கல், நேற்று நம் பக்கம் இருந்தவர் இன்று ஏன் மௌனம் சாதிக்கிறார் என்பனவற்றையெல்லாம் ஆங்காங்குள்ள ஊழியர்களிடமிருந்து டெலிபோனில் கேட்டறிந்து, ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து, மிகைப்படுத்திச் சொல்லப்பட்டதைக் கழித்து, மேலிடத்துக்கு அறிக்கையாக அனுப்பும் காரியம் அது. ஞாபக சக்தி வேண்டும், அந்தரங்கத்தைக் காக்கும் திடசித்தம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைவர் கேட்க விரும்புவதை எழுதாமல் உள்ளதை உள்ளபடி எழுதும் யோக்கியதை வேண்டும். வெளியே நின்று பார்ப்பவனுக்குக் கோபுரத்தின் கலசம் தெரிகிறது. கடைக்காலில் எத்தனை பாரம் என்பது கட்டினவர்களுக்குத்தான் தெரியும். பத்திரிகைகள் இவர்களைக் காரியதரிசிகள் என்று எழுதியதை நாம் சற்று ஆத்திரத்தோடுதான் வாசிக்கிறோம். இதே காரியத்தை ஓர் ஆண் செய்திருந்தால் அவனை ராஜதந்திரி என்றல்லவா எழுதியிருப்பார்கள்!

ஜூன் 5-ந் தேதி அதிகாலை, கலிபோர்னியாவில் வென்ற களிப்பு அடங்குமுன், ராபர்ட் கென்னடி சுடப்பட்டார், மறுநாள் காலமானார். அந்த அறை காலியாயிற்று. மேரி ஜோ மனம் உடைந்து போனார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் தொழிலை அவர் விடவில்லை. 1960-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஜான் கென்னடிக்காகத் தொண்டர்படையைத் திரட்டிய மாட் ரீஸ், தேர்தல் பிரசாரத்தையே ஒரு தொழிலாக நடத்தும் ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். வருஷ முடிவில் மேரி ஜோ அதில் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று அபேட்சகர்களுக்குப் பிரசார நிலையங்களை அமைத்துத் தரும் வேலையை மேற்கொண்டார். அமெரிக்க அரசியல் ஆலோசகர்கள் தமக்கென்று ஒரு சங்கம் கண்டது 1969-ல். அந்தத் தொழில் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே அதில் தேர்ச்சி பெற்றுவிட்ட வெகு சில பெண்களில் இவர் ஒருவர் என்று துணிந்து சொல்லலாம்.

அந்த வருஷத்து ஜூலையில், கொதிகலன் அறையின் பெண்களைக் கௌரவிக்கும் பொருட்டு, சாப்பாக்குவிடிக் தீவில் வாடகைக்கு எடுத்த சிறு வீடொன்றில் விருந்து நடந்தது. இரவு 11 மணிக்கு மேல் மேரி ஜோவைக் காரில் அழைத்துக்கொண்டு புறப்பட்டதாக ராபர்ட்டின் தம்பி செனட்டர் எட்வர்ட் கென்னடி பின்னர் சொன்னார். கைப்பிடிச் சுவர் இல்லாத டைக் பாலத்திலிருந்து கார் நீரில் வீழ்ந்தது. அவர் கரையேறினார், போலீஸாருக்குச் சுமார் பத்து மணி நேரம் கழித்துத் தகவல் கொடுத்தார். விபத்து நடந்த இடத்தைவிட்டு அகன்ற குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு இரண்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்தி வைக்கப்பட்டது. மறுவருஷம் ஜனவரியில் நடந்த மரண விசாரணையின் முடிவில், அவர் அஜாக்கிரதையாகக் கார் ஓட்டினார் என்றும், அது மரணத்துக்கு உதவியாக இருந்தது என்றும் நம்ப இடமிருப்பதாக நீதிபதி ஜேம்ஸ் பாயில் எழுதினார். அதன்மேல் வழக்கு ஏதும் தொடரப்படவில்லை. உடலை மீட்ட முக்குளிப்பவர், காருக்குள் தேங்கியிருந்த காற்றினால் அந்தப் பெண் சிறிது நேரம் உயிரோடு இருந்திருக்கலாம் என்ற தம் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார். பிரேத பரிசோதனை நடைபெறாமையால் அந்த வினாவுக்கு இன்றுவரை முடிவான விடையில்லை. உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கவேண்டும் என்று பின்னால் சர்க்கார் தரப்பில் கேட்டபோது பெற்றோர் சம்மதிக்கவில்லை. கோர்ட்டும் அதை மறுத்துவிட்டது. ஒரே மகளைப் பறிகொடுத்த தாய்தந்தையரை இதற்காகக் குறை கூற யாருக்கும் அதிகாரம் இல்லை என்பது நம் கருத்து.

செய்தி வெளியான மறுநாள், ஜூலை 20-ந் தேதி, மனிதன் சந்திரனில் கால் வைத்தான். உலகத்தின் பார்வை ஆகாயத்தை நோக்கியிருந்தது; எஞ்சிய பார்வை முழுவதும் ஒரு செனட்டரின் எதிர்காலத்தின்மேல் விழுந்தது. அவர் பிற்காலத்தில் சட்டசபைப் பணியில் பெருங்கீர்த்தி பெற்று, 2009-ல் காலமாகும்வரை செனட்டராகவே இருந்தார். மேரி ஜோவைப் பற்றி எழுதியவர்களோ அவருடைய பொன்னிறக் கூந்தலை எழுதினார்கள், விருந்தில் யார் யார் என்ன குடித்தார்கள் என்று எழுதினார்கள், ஒழுக்கத்தைப் பற்றி ஆதாரமில்லாத சந்தேகங்களைக் கிளப்பினார்கள். தன் தரப்பை எடுத்துச் சொல்ல உயிரோடு இல்லாத ஒருத்திக்குப் பத்திரிகைத் தொழில் இழைத்த அநீதி இது. 1992-ல் ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ், மூழ்கும் பெண்ணின் நினைவோட்டமாகவே ஒரு குறுநாவலை எழுதினார்; முதன்முறையாக அவள் பக்கத்திலிருந்து கதை சொல்லப்பட்டது என்று மகிழலாம். ஆனால் அங்கேயும் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர், நடக்கும் இடமும் வேறு.

சிகாகோ மகாநாட்டின் அமளிக்குப் பின் ஜனநாயகக் கட்சி தன் விதிகளைத் திருத்திற்று. மூடிய கதவுகளுக்குப் பின்னே பிரமுகர்கள் பிரதிநிதிகளைப் பொறுக்கும் வழக்கம் ஒழிந்தது. பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் உரிய இடம் தரவேண்டும் என்று ஏற்பட்டது. 1968-ல் மகாநாட்டுப் பிரதிநிதிகளில் சுமார் 13 சதவீதமே பெண்கள். 1972 ஜூலையில் மியாமி பீச்சில் கூடிய மகாநாட்டிலே அது 40 சதவீதமாயிற்று. பிறருடைய வோட்டுகளை எண்ணிக் கொடுப்பதே வேலையாக இருந்தவர்களின் தலைமுறை, தன் வோட்டைத் தானே போட அந்த மண்டபத்துக்குள் நுழைந்தது. மேரி ஜோ இருந்திருந்தால் அப்போது அவருக்கு 32 வயதுகூடப் பூர்த்தியாகியிராது.