தபாலாபீஸும் கஜானாச் சாவியும்

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தபாலாபீஸை முன்பெல்லாம் பெரும்பாலும் 'ஸெண்ட்மெயில்' என்னும் ஒரே உத்தியோகஸ்தர் சர்வாதிகாரியாக நடத்திவந்தார். சோதனைக்காக வைத்த கொல்லைக் கதவொன்றை மூடாமல் விட்டிருந்தபடியால், 1988-ம் வருஷம் ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் ஏவிய 'புழு' அவ்வழியாகவும் புகுந்து, ஆயிரக்கணக்கான யந்திரங்களை ஸ்தம்பிக்கச் செய்தது.

1998-ல் வீட்ஸே வெனிமா வெளியிட்ட 'போஸ்ட்பிக்ஸ்' வேறு தினுசு. 'மாஸ்டர்' என்னும் தலைமைக் குமாஸ்தாவின் கீழ்ப் பல சிப்பந்திகள். வெளியாரிடம் கடிதம் வாங்குகிறவரிடம் கஜானாச் சாவி கிடையாது; அவரை ஏமாற்றும் திருடனுக்கு அகப்படுவது சொற்பமே. யாருக்கு எவ்வளவு அதிகாரம், ஒரே சமயத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் 'மாஸ்டர்.ஸிஎப்' என்னும் ஏட்டில் வரிக்கு ஒரு வேலையாக எழுதப்பட்டிருக்கும்.

ஏட்டைத் திருத்தினால் மட்டும் போதாது. 'ரீலோட்' என்று கட்டளையிட்டாலன்றித் தலைமைக் குமாஸ்தா அதை மறுபடி படிப்பதில்லை - பரீட்சைத் தேதி தெரிந்தாலன்றிப் புஸ்தகத்தைத் திறவாத நம் பிள்ளைகளைப் போல!