கடலோரத்து மேஜையும் வீட்டில் மறந்த பங்கும்



கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் புத்தாண்டு ஆராதனைக்கும் இடைப்பட்ட நாட்களில், நம் சபைக் குடும்பங்கள் சில செவிலிமேட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் புறப்பட்டுச் செல்வது அண்மை ஆண்டுகளில் வழக்கமாகி வருகிறது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அங்கும் கோவளத்திலும், அலையோசை கேட்கும் தொலைவில் மேஜை போட்டு வஞ்சிரமும் இறாலும் நண்டும் பரிமாறும் உயர்தர உணவகங்கள் இருக்கின்றன. கோவளத்தில் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதியின் ‘பே வியூ’ அவற்றில் பெயர் பெற்ற ஒன்று. மார்கழிக் குளிர்காற்றில் அங்கே ஒரு குடும்பம் ஒருவேளை உண்பதற்குச் செலவிடும் தொகை, நம்மில் சிலருக்கு ஒரு மாத வருமானம்.

இதைக் குறித்துச் சபையில் இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. “விசுவாசிகளுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு?” என்பது ஒன்று. “உழைத்துச் சம்பாதித்த பணம், தசமபாகமும் கொடுத்தாயிற்று, இனி யார் கேட்பது?” என்பது மற்றொன்று. இரண்டும் வேதத்தைப் பாதி வாசித்துப் பாதியில் மூடியதால் பிறந்த பேச்சு என்பதே என் கருத்து.

முதலாவது பேச்சை எடுத்துக்கொள்வோம். உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியைத் திறந்து பாருங்கள். ஆலயம் தொலைவில் இருந்தால், விளைச்சலின் தசமபாகத்தைப் பணமாக்கிக்கொண்டு போய், மனம் விரும்பும் உணவை வாங்கி, வீட்டாரோடு கர்த்தருடைய சமுகத்தில் உண்டு மகிழும்படி தேவன் இஸ்ரவேலருக்குச் சொல்லுகிறார். இது வெறும் அனுமதியன்று, கட்டளை. நம் ஆண்டவரும் விருந்துகளுக்குச் சென்றவர். அதனாலேயே போஜனப்பிரியர் என்று பழிக்கப்பட்டவர் (மத்தேயு 11:19). ஆண்டு முழுவதும் அடுப்படியில் நின்ற தாய், ஒருநாள் அமர்ந்திருக்க மற்றவர் பரிமாறுவதைக் காண்பது நல்ல காட்சி. ஆகையால், குடும்பத்தோடு கடலோரத்தில் அமர்ந்து நல்ல உணவு உண்பதைப் பாவம் என்று நான் ஒருநாளும் பிரசங்கிக்கமாட்டேன்.

ஆனால் அதே அதிகாரம் அத்துடன் முடிந்துவிடவில்லை. உண்டு மகிழச் சொன்ன அடுத்த வசனத்திலேயே, உன் வாசல்களுக்குள் பங்கில்லாமல் இருக்கிற லேவியனைக் கைவிடாதே என்று தேவன் நினைவூட்டுகிறார். நெகேமியாவின் நாட்களிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுத ஜனங்களிடம், அழுகையை விட்டுப் போய்க் கொழுமையானதை உண்ணுங்கள் என்று சொல்லப்பட்டது. அதே மூச்சில், ஒன்றும் ஆயத்தம் செய்ய வழியில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்றும் சொல்லப்பட்டது (நெகேமியா 8:10). உண்பதும் அனுப்புவதும் ஒரே பண்டிகையின் இரண்டு கைகள். ஒரு கையை மடக்கிக்கொண்டால் அது தேவன் சொன்ன பண்டிகையன்று.

பிரியமானவர்களே, நம் ஊரில் குளிர்காலம் என்பது மழைக்காலத்தின் தொடர்ச்சி. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீள்கிறது. அந்நாட்களில் குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும், பாவு காயாது, தறி நின்றுபோகும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் நெசவாளிக்குக் கூலி. தறி நின்றால் அடுப்பும் தணிகிறது. 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டு நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. கல்யாணப் பட்டை நெய்யும் கைகளைக் குறித்த கணக்கும் இதற்குள் அடங்கும்.

செவிலிமேட்டைத் தொட்டுச் செல்லும் பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்தக் கரையிலும் இதே பருவம்தான். புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையேறிவிடும். மீனவர் வீட்டிலும் கூலி இல்லை. மேலும், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அக்கடலை நோக்கி அமருகிறவர்கள் 2004 டிசம்பர் 26-ஐ மறக்கலாகாது. அந்த ஞாயிறு காலையில் எழும்பிய ஆழிப்பேரலையில் தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகுதியானோர் மீனவக் குடும்பத்தார். நமக்கு இன்பக் காற்றாக வீசும் அதே குளிர்காலம், தறிக்குழியிலும் படகுத்துறையிலும் பஞ்சமாக வந்து நிற்கிறது என்பதை அறிந்து உண்ணுகிறவனே ஞானமாய் உண்ணுகிறான்.

இனி இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன். “கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டோம்” என்கிறவர்கள், உணவு முடிந்தபின் கையில் வரும் ரசீதைச் சற்று நிதானித்துப் பார்க்கட்டும். சாதாரண உணவகத்தில் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகத்திலோ 18 விழுக்காடு. 8,000 ரூபாய்க்கு உண்டால் 1,440 ரூபாய் வரி. ஒருவரும் முறுமுறுப்பதில்லை, சம்பளத்தில் ஏற்கெனவே வருமான வரி பிடித்தாயிற்று, இது எதற்கு என்று மேஜையில் அமர்ந்து வாதாடுவதுமில்லை. நம் மகிழ்ச்சியில் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு உண்டென்று ஒப்புக்கொண்டே அமருகிறோம். அப்படியானால், அதே மகிழ்ச்சியில் பக்கத்துத் தெருவில் தறி நின்றுபோன சகோதரனுக்குப் பங்கில்லை என்று எந்த முகத்தோடு சொல்லுவோம்?

என் ஆலோசனை இதுவே: கடலோரத்து மேஜைக்கு எவ்வளவு வரி செலுத்துவீர்களோ, குறைந்தது அவ்வளவையேனும் புறப்படுமுன் எடுத்துவைத்து, ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செல்லுங்கள். 1,440 ரூபாய், ஒரு சிப்பம் அரிசியின் விலைக்கு அருகில் வரும். திரும்பி வந்து மிச்சத்தில் கொடுப்போம் என்று எண்ணாதிருங்கள். மிச்சம் என்பது விருந்துக்குப் பின் அரிதாகவே இருக்கும். அதையும் முடியாத அளவுக்குக் கடன் அட்டையை நம்பித்தான் செல்லவேண்டுமென்றால், அந்த ஆண்டு வீட்டிலேயே மீன் குழம்பு வைத்து மகிழுங்கள்.

சேவைக் கட்டணம் என்ற பெயரில் சேர்க்கப்படும் தொகையைக் கட்டாயப்படுத்தலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள், இரவெல்லாம் நின்று பரிமாறிய பிள்ளையின் கையில் தாங்களாகவே எதையேனும் கொடுத்துவிட்டு எழும்புங்கள். அவனும் ஒரு வீட்டின் மகன். பண்டிகை நாளில் தன் வீட்டாரை விட்டு வந்து நம் வீட்டாருக்குப் பரிமாறுகிறவன்.

இன்னொரு காரியத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நண்டும் இறாலும் நிறைந்த தட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கொரிந்து சபையார் கர்த்தருடைய பந்திக்கென்று கூடிவந்தும், ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறிகொள்ளுமளவு உண்டதைப் பவுல் கண்டித்தார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்பதே அவருடைய குற்றச்சாட்டு (1 கொரிந்தியர் 11:20-22). அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுள், புத்தாண்டுத் துணி இன்னும் வாங்காத வீட்டின் பிள்ளையும் இருக்கிறது.

கடற்கரை உணவு என்றதும் வேத மாணவனுக்கு யோவான் 21-ஆம் அதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. திபேரியா கடற்கரையில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் தாமே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, இராமுழுதும் வலைவீசிக் களைத்த சீஷர்களை உண்ண அழைத்தார். கரிநெருப்பைக் குறிக்கும் அந்த கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றொன்று, குளிர் இரவில் பேதுரு நின்று குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்த இடம் (யோவான் 18:18). மறுதலித்தவனிடம் ஆண்டவர் முதலில் கேள்வி கேட்கவில்லை, முதலில் உணவளித்தார். உண்டபின்னரே, என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார்.

குடும்பமாய் உண்பதன் மேன்மை இதுவே. மனத்தாங்கலோடு விலகியிருக்கும் தம்பியையும், தனித்திருக்கும் அத்தையையும், “எனக்கெதற்கு, நீங்கள் போய்வாருங்கள்” என்று ஒதுங்கும் அப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கைபேசியை ஒருமணி நேரம் பையில் வைத்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்து உண்ணுங்கள். அழைக்கவேண்டியவர்களை அழைத்து, அனுப்பவேண்டியதை அனுப்பிவிட்டு உண்ணும் உணவு எங்கே உண்டாலும் கர்த்தருடைய சமுகத்தில் உண்ட உணவே.

ஜெபம்: எங்களைப் போஷிக்கிற பிதாவே, உண்ணும்போது உம்மையும், பங்கில்லாதவர்களையும் மறவாத இருதயத்தை எங்களுக்குத் தாரும். இந்த மழைக்காலத்தில் நின்றுபோன தறிகளையும் கரையேறிய படகுகளையும் நினைத்தருளும். எங்கள் கைகளின் வழியாய் அந்த வீடுகளுக்குச் செல்லும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.