நகல் இல்லாத சர்க்கார்

தென் கொரியா தேசத்தில் தேஜோன் என்னும் நகரத்திலுள்ள தேசியத் தகவல் வள நிலையத்தில், 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 26-ந் தேதி இரவு தீப்பிடித்து, அது அணைய சுமார் 22 மணி நேரம் ஆயிற்று என்பதும், தபாலாபீஸ் பணம் முதல் அடையாளச் சீட்டு வரை அந்தச் சர்க்காரின் காரியங்கள் ஒரேயடியாய் ஸ்தம்பித்து நின்றன என்பதும் வாசகர்கள் பத்திரிகைகளில் பார்த்திருக்கக்கூடும். மின்சாரம் நின்றால் உதவுவதற்கென்று வைத்திருந்த லித்தியம் பாட்டரிகளை, கம்ப்யூட்டர்களின் பக்கத்திலிருந்து கீழ்த்தளத்திற்கு மாற்றிக்கொண்டிருந்தபோது அவற்றில் ஒன்று வெடித்தது. உத்தரவாதக் காலமான 10 வருஷத்தைத் தாண்டிய பாட்டரிகள் அவை. ஆபத்தைத் தடுக்கச் செய்த வேலையிலேயே ஆபத்து வந்தது என்று சிலர் பரிதாபப்படுகிறார்கள். பரிதாபப்படட்டும். தீ எங்கும் பிடிக்கும். நாம் எழுத வந்தது தீயைப் பற்றியல்ல. அதில் எரிந்துபோன ஒரு பெட்டகத்தைப் பற்றியேயாகும்.

அந்தப் பெட்டகத்திற்கு ஜி-டிரைவ் என்று பெயர். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தங்கள் வேலைக் காகிதங்களை மேஜைக் கம்ப்யூட்டரில் வைக்காமல் பொதுவான ஓரிடத்தில் வைக்கட்டும் என்று ஏற்படுத்தி, ஆளுக்கு 30 ஜிகாபைட்டு இடமும் கொடுத்தார்கள். தீப்பிடித்த அன்று அதில் இருந்தது 858 டெராபைட்டு. ஒரு டெராபைட்டு என்பது ஆங்கில எழுத்துக் கணக்கில் ஒரு லட்சம் கோடி எழுத்து. இவ்வளவுக்கும் வெளியில் ஒரே ஒரு நகல்கூடக் கிடையாது. அத்தனையும் சாம்பலாயிற்று. மேலதிகாரியின் ஒப்பத்திற்குப் போன தஸ்தாவேஜுகள் வேறொரு ஏற்பாட்டிலும் பதிந்திருந்ததால் தப்பின. மற்றவை, அதாவது உத்தியோகஸ்தர்கள் வருஷக்கணக்காய் எழுதி, கூட்டி, திருத்தி வைத்திருந்த வேலையெல்லாம் போயிற்று. சர்க்கார் சொன்னபடி கேட்டு எல்லாவற்றையும் அதிலேயே வைத்தவனுக்கே அதிக நஷ்டம். உத்தரவை மீறி மேஜையிலும் ஒன்று வைத்திருந்தவன் பிழைத்துக்கொண்டான்!

ஏன் நகல் இல்லை என்று கேட்டதற்கு, கொள்ளளவு மிகப் பெரிது, ஆதலால் வெளி நகல் வைக்க முடியவில்லை என்பதாகச் சமாதானம் சொல்லப்பட்டது. இந்தச் சமாதானத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று கடையில் விற்கும் எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறை நாடா ஒன்று, சுருக்காமலே 18 டெராபைட்டு கொள்ளும். 858-ஐப் 18-ஆல் வகுத்தால் 48 நாடா. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒவ்வொன்றும். 48-ம் ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிடும். ஒரு நாடாவை முழு வேகத்தில் எழுதி நிரப்ப பன்னிரண்டரை மணி நேரம். ஒரே ஒரு இயந்திரத்தை வைத்துக்கொண்டாலும் 25 நாளில் முடியும். மூலப் பெட்டகம் மந்தமானது, அவ்வளவு வேகத்தில் படிக்க விடாது என்று வைத்துக்கொண்டு நாலு மடங்கு காலம் கொடுத்தாலும் 100 நாள். பிறகு அன்றாடம் மாறியதை மட்டும் எழுதினால் போதும். அந்தப் பெட்டகம் நடந்ததோ பல வருஷம். முடியவில்லை என்பதற்கும் செய்யவில்லை என்பதற்கும் உள்ள பேதத்தை நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. எத்தனை ஏற்பாடுகள் நின்றுபோயின என்பதற்கு முதலில் 647 என்று சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. சுமார் இரண்டு வாரம் கழித்து 709 என்று திருத்திக்கொண்டது. ஏனென்றால், என்னென்ன இருக்கின்றன என்று எழுதிவைத்த ஜாபிதாவே அந்தக் கட்டிடத்துக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது! வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. இவ்வளவும் நடந்தது, பணக்காரத் தேசங்களின் கூட்டமாகிய ஓ.இ.சி.டி., கம்ப்யூட்டர் நிர்வாகத்தில் 2023-ம் வருஷ அளவில் முதல் ஸ்தானம் கொடுத்த தேசத்தில்.

2022-ம் வருஷம் அக்டோபரில் அதே தேசத்தில் காக்கவோ என்னும் கம்பெனியின் சேதிப் போக்குவரத்து, ஒரு கட்டிடம் தீப்பிடித்ததால் நின்றபோது, இரட்டை ஏற்பாடு ஏன் வைக்கவில்லை என்று சர்க்கார் அக்கம்பெனியைக் கண்டித்து, சட்டத்தையும் கடுமையாக்கிற்று. கண்டித்தது நியாயமே. ஆனால் கம்பெனிக்காரனை அளந்த கோலால் தன்னை அளந்துகொள்ள மூன்று வருஷத்தில் அதற்கு அவகாசம் வரவில்லை.

நிற்க, சர்க்கார்கள் இந்தச் சாமானை வாங்கும் விதத்தைக் கவனிப்போம். டெண்டரில் இத்தனை டெராபைட்டு, இத்தனை பெட்டி, இத்தனை வருஷ உத்தரவாதம் என்று எழுதப்படும். குறைந்த விலை சொன்னவனுக்குக் கண்டிராக்டு. பெட்டி வந்து இறங்கும், விளக்கு எரியும், பில் பாஸாகும். "தொலைந்துபோனதாக வைத்துக்கொள், இதோ இந்தக் காகிதத்தைத் திரும்பக் கொண்டுவா, எத்தனை மணி நேரத்தில் கொண்டுவருகிறாய் பார்ப்போம்" என்று பில் பாஸாவதற்கு முன் எத்தனை இலாகாக்கள் கேட்கின்றன? வாங்க வேண்டியது பெட்டியல்ல, திரும்பி வருதலையாகும். நகல் இருக்கிறது என்று நம்புவது வேறு, எடுத்துக் காட்டுவது வேறு.

பெட்டியும் இருந்து ஆளும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஜப்பானிலுள்ள கியோட்டோ சர்வகலாசாலை சாட்சி. 2021 டிசம்பரில், நகல் எடுக்கும் ஏற்பாட்டைச் சீர்திருத்த வந்த கம்பெனியின் பிழையால், நகலெடுக்கும் வேலையே மூலத்தை அழித்து, 77 டெராபைட்டு, சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் போயின. கம்பெனி தன் பிழையை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதால் கோப்பு வந்துவிடாது. ஆகையால் சாமானுக்கு எழுதுவதைவிட ஊழியத்திற்கு எழுதும் நிபந்தனைகள்தாம் டெண்டரில் கடுமையாக இருக்கவேண்டும்: யார் கை வைக்கலாம், எதை முதலில் சோதிக்கவேண்டும், கெட்டால் யார் பொறுப்பு என்பவை.

நம் தேசத்திலேயே, 2022 நவம்பர் 23-ந் தேதி டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டர்களைக் கயவர்கள் பூட்டிவிட, நோயாளிகளின் சீட்டுகளைப் பல நாள் கையால் எழுதினார்கள். ஆனால் தொடப்படாத நகல் ஒன்று தனியே இருந்தது. ஆஸ்பத்திரி விவரங்கள் அதிலிருந்து திரும்பின என்று பார்லிமெண்டில் சொல்லப்பட்டது. ஒன்று இருந்தது, தனியாக இருந்தது, எடுத்தபோது வந்தது. வேண்டியது இம்மூன்றுதான். விதை நெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டாத குடியானவனுக்கும், வீட்டிலுள்ள கிரயப் பத்திரம் கரையான் அரித்தாலும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் நகல் கிடைக்கும் என்று தெரிந்தவனுக்கும் இதில் விளங்காதது என்ன இருக்கிறது?

கொரியாவில் நடந்த மீட்பு வேலையில் மற்றொரு சங்கதியும் சேர்ந்தது. அதை மேற்பார்த்து வந்த உத்தியோகஸ்தர் ஒருவர் அக்டோபர் 3-ந் தேதி உயிரிழந்தார். டெண்டரில் எழுதாமல் விட்ட ஒரு வரியின் சுமை, கடைசியில் எந்தத் தோளில் வந்து விழுகிறது பாருங்கள்.

தோழர்களே! உங்கள் பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாம் இன்று சர்க்கார் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, எந்த இலாகாவையும் கேட்கலாம். எத்தனை கோடிக்குப் பெட்டி வாங்கினீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கும். நகலிலிருந்து கடைசியாக எந்தத் தேதியில் எடுத்துப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரத்தில் வந்தது, அந்தச் சோதனையில் கையெழுத்திட்ட அதிகாரியின் பதவி என்ன என்று கேளுங்கள்.