தோற்பதற்கும் வழி வேண்டும்

பிகார் சட்டப்பேரவைக்கு 2025 நவம்பரில் நடைபெற்ற தேர்தலின் முடிவுகள் வெளியானபோது நாடெங்கும் பேசப்பட்ட பெயர்களுள் ஒன்று மைதிலி தாக்குர். மிதிலைப் பகுதியின் நாட்டுப்புறப் பாடல்களால் புகழ்பெற்ற இந்த 25 வயதுப் பாடகி, வாக்குப்பதிவுக்குச் சில வாரங்கள் முன்புதான் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்தார். தர்பங்கா மாவட்டத்திலுள்ள அலிநகர் தொகுதியில் நிறுத்தப்பட்டு, பதினோராயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அதே தேர்தலில் பிரசாந்த் கிஷோரின் ஜன் சுராஜ் கட்சி 230-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் வேட்பாளர்களை நிறுத்தியது. ஆசிரியர்கள், மருத்துவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், அதுவரை தேர்தல் களத்தையே கண்டிராத இளைஞர்கள் எனப் பலர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். ஓரிடத்தில்கூட அக்கட்சி வெல்லவில்லை. பெரும்பாலோர் டெபாசிட் தொகையையும் இழந்தனர். வென்ற பாடகியைப் பற்றி எழுதவும் பேசவும் ஆள்கள் இருந்தனர். தோற்ற இளைஞர்கள் மறுநாள் காலை எங்கே போனார்கள், அடுத்து என்ன செய்வார்கள் என்று கேட்பாரில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான்.

பிகாரின் அண்மைக்கால வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1977-இல் ஹர்நௌத் தொகுதியில் ஜனதா கட்சி வேட்பாளராக 26 வயது இளைஞர் ஒருவர் நிறுத்தப்பட்டார். பொறியியல் பட்டம் பெற்றவர். மின்வாரிய வேலையை வேண்டாமென்று உதறியவர். ஜனதா அலை மாநிலத்தையே அடித்துச் சென்ற அந்த ஆண்டிலும் அவர் தோற்றார். 1980-இல் அதே தொகுதியில் மீண்டும் நின்றார்; மீண்டும் தோற்றார். 1985-இல்தான் சட்டப்பேரவைக்குள் நுழைய முடிந்தது. அவர்தான் 2025 நவம்பரில் பத்தாவது முறையாக முதல்வர் பொறுப்பை ஏற்ற நிதீஷ் குமார். அவருடைய அரசியலையும் அடிக்கடி நிகழ்ந்த அணி மாற்றங்களையும் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும் இருக்கட்டும். முதல் தோல்வியோடு அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால் பிகாரின் கதையே வேறாக இருந்திருக்கும் என்பதை எவரும் மறுக்க முடியாது. அவரைத் தாங்கிப் பிடித்தது ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்தில் கிடைத்த தோழமையும், மாணவர் அரசியலில் பெற்ற பழக்கமும்தான்.

இன்று முதன்முறையாகக் களமிறங்கும் இளைஞனுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறதா? கிடைக்கிறது, அவன் தலைவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால். முன்னாள் பிரதமர் தேவ கெளடாவின் பேரனும் குமாரசாமியின் மகனுமான நிகில், 2019-இல் மாண்டியா மக்களவைத் தொகுதியிலும், 2023-இல் ராமநகரம் சட்டப்பேரவைத் தொகுதியிலும், 2024-இல் சென்னபட்டணா இடைத்தேர்தலிலும் அடுத்தடுத்துத் தோற்றார். ஆனாலும் மதச்சார்பற்ற ஜனதா தளத்தில் அவருக்குரிய இடத்துக்குக் குறைவு ஏதும் நேரவில்லை. இது அவர் மீதான குற்றச்சாட்டல்ல. தோற்றவன் மீண்டும் முயல்வதே ஜனநாயகம். மூன்று முறை தோற்கும் வசதி எவருடைய பிள்ளைகளுக்கு வாய்க்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மறுபக்கத்தில் தெலங்கானாவின் "பர்ரெலக்கா"வைப் பார்க்கலாம். தெலுங்கில் எருமைக்கார அக்கா என்று பொருள்படும் இந்தப் பெயர், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காததால் எருமை வாங்கி மேய்ப்பதாகப் பேசிக் காணொளி வெளியிட்ட ஓர் இளம் பெண்ணுக்கு மக்கள் வைத்தது. 2023 சட்டப்பேரவைத் தேர்தலில் அவர் கொல்லாப்பூர் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். பிரசாரத்தின்போது தாக்குதல் நடந்து, உயர் நீதிமன்றம் சென்றுதான் அவர் பாதுகாப்புப் பெற வேண்டியிருந்தது. மாநிலமே அவரைப் பற்றிப் பேசியது. வாக்கு எண்ணிக்கையில் அவருக்குக் கிடைத்தவை ஆறாயிரத்துக்கும் குறைவு. அரசுப் பணி நியமனங்கள் நடைபெறாததைப் பெரிய கட்சிகளின் மேடைகளைவிட உரக்கப் பேசிய குரல் அது. அந்தக் குரலைப் பேரவைக்குள் கொண்டுசெல்லும் ஏணி எதுவும் அங்கே இல்லை.

அதே தேர்தலில் தெலங்கானாவில் 26 வயதிலேயே பேரவைக்குள் நுழைந்தவர்களும் உண்டு. பாலகுர்த்தியில் மூத்த அமைச்சர் எர்ரபெல்லி தயாகர் ராவை வீழ்த்திய யஷஸ்வினி ரெட்டி அவர்களுள் ஒருவர். அவருடைய மாமியார் நிற்பதாக இருந்து, குடியுரிமைச் சிக்கலால் முடியாமற்போகவே மருமகளுக்கு வாய்ப்பு வந்தது. மேதக்கில் வென்ற மைனம்பள்ளி ரோஹித், சட்டப்பேரவை உறுப்பினராக இருந்தவரின் மகன். மகாராஷ்டிரத்தில் 2024-இல் தாஸ்காவ் தொகுதியில் வென்ற 25 வயது ரோஹித் பாட்டீல், மறைந்த உள்துறை அமைச்சர் ஆர்.ஆர். பாட்டீலின் மகன். இவர்களில் திறமையானவர்கள் இருக்கலாம், இருக்கிறார்கள். ஆனால் பேரவைகளில் இளைஞர்கள் பெருகிவிட்டதாகக் கூறி இந்தப் பெயர்களை அடுக்குவது, வாரிசுரிமையை இளமை என்று பெயர் மாற்றி அழைப்பதேயாகும்.

குடும்பமோ புகழோ இல்லாதவர்களுக்கு எப்போதாவது திறக்கும் கதவு ஒன்று உண்டு. அது அலை. 1985-இல் அஸ்ஸாமில் மாணவர் இயக்கத்திலிருந்து பிறந்த அசாம் கண பரிஷத் ஆட்சியைப் பிடிக்க, பல்கலைக்கழக விடுதி வாழ்க்கையை அப்போதுதான் முடித்திருந்த பிரபுல்ல குமார் மஹந்த 33 வயதில் முதல்வரானார். 2013-இல் தில்லி மங்கோல்புரியில் 26 வயது ராக்கி பிர்லா, காங்கிரஸின் மூத்த தலைவரைத் தோற்கடித்து அமைச்சரும் ஆனார். 2022-இல் பஞ்சாபின் பதௌர் தொகுதியில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்திய லாப் சிங் உகோகே, பதவியிலிருந்த முதல்வர் சரண்ஜித் சிங் சன்னியை 37 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். அதே அலையில் சங்ரூரில் அமைச்சர் விஜய் இந்தர் சிங்லாவை வென்ற நரிந்தர் கௌர் பராஜுக்கு அப்போது வயது 27. கேட்பதற்கு இனிமையான செய்திகள் இவை. ஆனால் அலை என்றோ ஒரு நாள் வருவது. வடிந்துவிட்டால் கரையில் எறிந்துவிட்டுப் போவதும் அதன் இயல்பு. ஆட்சிப் பயிற்சியின்றி அரியணை ஏறிய அசாம் கண பரிஷத், உட்பூசலில் உடைந்து, 1991-இல் ஆட்சியை இழந்தது.

அலை வீசாத ஆண்டுகளில் சாதாரண இளைஞன் என்ன செய்வான் என்பதற்குச் சட்டம் தரும் விடை ஊக்கமளிப்பதாக இல்லை. சட்டப்பேரவைத் தேர்தலுக்கு டெபாசிட் தொகை ரூ. 10,000, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் ரூ. 5,000. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு பெறாவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. இது பெரிய தொகையல்ல. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும்; சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அதுவும் பெரிய தடையல்ல. உண்மையான தடை சின்னத்தில் இருக்கிறது. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகே சுயேச்சைக்குச் சின்னம் உறுதியாகும். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு வாரங்களே இருக்கும். தலைமுறைகளாக மக்கள் மனத்தில் பதிந்துபோன சின்னங்களுக்கு எதிரே, அந்தப் பதினான்கு நாள்களுக்குள் இரண்டு லட்சம் வாக்காளர்களுக்குப் புதிய சின்னமொன்றை அறிமுகப்படுத்தியாக வேண்டும்.

செலவு வரம்பு இன்னொரு விந்தை. பெரிய மாநிலங்களில் வேட்பாளர் ஒருவர் ரூ. 40 லட்சம் வரை செலவிடலாம் என்று 2022-இல் உயர்த்தப்பட்டது. கட்சிகள் செய்யும் செலவுக்கோ வரம்பே இல்லை. நட்சத்திரப் பேச்சாளர் ஹெலிகாப்டரில் வந்திறங்கினாலும் அந்தப் பயணச் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராது. வரம்பு யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். அரசே தேர்தல் செலவை ஏற்கலாமா என ஆராய்ந்த இந்திரஜித் குப்தா குழுவும்கூட, 1998-இல் தந்த அறிக்கையில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே உதவி என்றது, சுயேச்சைகளைச் சேர்க்கவில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விலை பிழைப்புதான். அரசுப் பள்ளி ஆசிரியரோ அரசு மருத்துவமனை மருத்துவரோ தேர்தலில் நிற்க வேண்டுமானால் வேலையை விட்டு விலக வேண்டும். தோற்றால் வேலையும் இல்லை, பதவியும் இல்லை. எழுதிய தேர்வுகளில் ஒன்றிலாவது தேறி அரசு வேலை பெறுவதே குடும்பத்தின் கனவாக இருக்கும் பிகார், உத்தரப் பிரதேச இளைஞர்களிடம் இந்தப் பந்தயத்தை ஆடச் சொல்வது எளிதல்ல. 2023 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், துங்கர்பூரில் போட்டியிட விரும்பிய அரசு மருத்துவர் ஒருவரை, தோற்றால் மீண்டும் பணியில் சேரலாம் என்று அனுமதித்தது. ஒரு நீதிமன்றம் ஒருவருக்கு அளித்த அந்தச் சலுகையைப் பொதுவிதியாக்குவது பற்றி எந்த மாநில அரசும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தில்லியில் நடைபெறும் விவாதமோ வயதைச் சுற்றியே வருகிறது. 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் வாக்களிக்கும் வயது 1989-இல் 21-இலிருந்து 18 ஆனது. பேரவைக்குப் போட்டியிடும் வயது மட்டும் 25-லேயே நிற்கிறது. இதையும் 18 ஆக்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. 2024 சுதந்திர தின உரையில் பிரதமர் மோடி, அரசியல் குடும்பப் பின்னணி இல்லாத ஒரு லட்சம் இளைஞர்கள் பொதுவாழ்வுக்கு வரவேண்டும் என்றார். நல்ல அழைப்புதான். ஆனால் வயதைக் குறைத்தால் முதலில் பயனடையப்போவது யார்? இருபத்தைந்து வரை காத்திருக்க நேர்ந்த வாரிசுகள் பதினெட்டிலேயே வந்துவிடுவார்கள். கதவின் உயரத்தைக் குறைப்பதால் அதன் சாவி கைமாறிவிடாது.

ஒரு லட்சம் இளைஞர்கள் அரசியலைக் கற்பதற்கென்றே இருந்த இடங்கள் இரண்டு: மாணவர் பேரவை, உள்ளாட்சி. 1973-இல் பாட்னா பல்கலைக்கழக மாணவர் பேரவைக்கு லாலு பிரசாத் தலைவர், சுஷீல் குமார் மோடி பொதுச் செயலர். எதிரெதிர் அணிகளில் நின்று பிகாரை ஆண்டவர்கள் ஒரே மாணவர் தேர்தலில் உருவானவர்கள். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் 1984 முதல் 2012 வரை மாணவர் பேரவைத் தேர்தலே நடைபெறவில்லை. பிகாரின் ஊராட்சித் தேர்தல்களும் 1978-க்குப் பிறகு 2001-இல்தான் நடைபெற்றன. 23 ஆண்டுகள், ஏறத்தாழ ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறையில் தலைவராகியிருக்கக் கூடியவர்கள் பிழைப்புக்காகப் பஞ்சாபுக்கும் தில்லிக்கும் ரயிலேறிப் போனார்கள். தலைவர்களின் பிள்ளைகள் தலைவர்களானார்கள்.

இது பிகாரின் குறை மட்டுமல்ல. மும்பை மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தும் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அங்கு தேர்தல் நடத்தப்படவில்லை. பெங்களூரில் 2020 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்தபின் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நகரம் அதிகாரிகளின் ஆளுகையில் இருந்தது. வார்டு தேர்தலில் நின்று, சில நூறு வாக்குகளில் தோற்று, அடுத்த முறைக்காக ஐந்தாண்டுகள் குழாயடியிலும் சாக்கடையோரத்திலும் நின்று உழைக்க வேண்டிய பருவத்தை, நாட்டின் செல்வம் மிகுந்த இரு நகரங்களின் இளைஞர்கள் இவ்வாறு இழந்தனர். உள்ளாட்சியில் தோற்றால் சொத்தை விற்க வேண்டியதில்லை; ஊரைவிட்டுப் போகவும் வேண்டியதில்லை. உள்ளாட்சிகளில் போட்டியிட 21 வயது போதும் என்று அரசியல் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அதற்குப் புதிய திருத்தம் தேவையில்லை. உரிய காலத்தில் தேர்தல் நடத்தினால் போதும். அதைத்தான் எல்லாக் கட்சிகளின் மாநில அரசுகளும் தள்ளிப்போடுகின்றன, தொகுதி வரையறையும் இடஒதுக்கீட்டு வழக்கும் காரணம் என்று கூறிக்கொண்டு.

பிகாரில் 2021 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2026 இறுதியோடு முடிகிறது. அங்கே ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னங்கள் இன்றி நடைபெறுவது வழக்கம். சட்டப்பேரவைத் தேர்தலில் முதன்முறையாக நின்று டெபாசிட் இழந்த நூற்றுக்கணக்கானவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊரின் முகியா பதவிக்கு மனு கொடுக்க வருகிறார்கள் என்பதை, அவர்களை நிறுத்திய கட்சியின் தலைமை கணக்கெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.