முதலில் யார் போவது?

ஆடி அமாவாசையன்று பூம்புகார் சங்கமத்துறைக்கு வேன்களும் பைக்குகளும் முண்டியடிக்கின்றன. சிக்னலோ காவலரோ இல்லாத சந்திப்பில் முதலில் போவது யார்? ஹாரனை ஓங்கி அடிப்பவர் என்பதே நடப்பு. பிரதான சாலையில் வருபவருக்கும், அப்படிப் பிரிவில்லாத இடத்தில் வலப்பக்கமிருந்து வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை. பழகுநர் உரிமத்துக்கான எல்.எல்.ஆர். தேர்வில் தடுமாற வைக்கும் விதி இது. அறுபது சதவீதம் எடுத்தாலே தேர்ச்சி. விட்ட நாற்பதில் இதுவும் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பின்னால் அமரும், நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதும் அப்படித்தான் மறக்கப்படுகிறது. தவறிய கேள்விகளை விளக்கிச் சொன்ன பிறகே எல்.எல்.ஆர். தர வேண்டும். திருவெண்காடு, பூம்புகார் சாலைச் சந்திப்புகளில் ‘வழிவிடுக’ பலகைகளையும் அடுத்த ஆடிக்கு முன் நெடுஞ்சாலைத் துறை சரிபார்க்கட்டும்.