அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

தமிழ்த்துறை மலரில் பிள்ளைகளின் உடற்பருமனைப் பற்றி எழுதுவானேன், அது மருத்துவர்க்குரிய பொருளன்றோ என வினவுவோர் இருக்கக்கூடும். பிள்ளைத்தமிழ் பயில்வோர்க்கு இவ்வினாவின் விடை தெரியும். வழக்கில் நிலைபெற்ற பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். செங்கீரைப் பருவத்துக் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிறது. சப்பாணியில் கைகொட்டுகிறது, வருகையில் தளர்நடையிடுகிறது. ஆண்பிள்ளை சிற்றில் சிதைக்கிறான், சிறுபறை முழக்குகிறான், சிறுதேர் உருட்டுகிறான். பெண்பிள்ளைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும். முத்தத்திற்கு ஒரு பருவம் உண்டு. ஊட்டுதற்கென்று அவற்றுள் ஒரு பருவம் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் இம்மரபையே போற்றினர். பிள்ளை என்றால் அசைந்தாடும் உயிர் என்பதே தமிழ் கண்ட இலக்கணம்.

இன்று திருவல்லிக்கேணியிலோ மண்ணடியிலோ ராயப்பேட்டையிலோ வாழும் ஒரு பத்து வயதுச் சிறுவனின் நாளை நோக்குவோம். காலையில் வேன், பகல் முழுவதும் வகுப்பறை இருக்கை, மாலையில் மீண்டும் வேன். வீடு வந்ததும் தொப்பியை அணிந்து மதரஸாவுக்கு. அங்கிருந்து நேரே டியூஷனுக்கு. இரவு வீடு திரும்பினால் கையில் கைபேசி, முன்னால் பரோட்டாவும் சால்னாவும். இவன் எப்போது ஓடுவான்? ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நம் சிறுவனுக்கு ஆறு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அவன் தங்கைக்கு அதுவும் இல்லை.

இது ஏதோ செல்வர் வீட்டுச் சிக்கல் என்று ஒதுக்குவதற்கில்லை. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியபோது, நகரத்து ஏழைப் பிள்ளையின் துயரம் பசியாக இருந்தது. பசி இன்றும் தீர்ந்துவிடவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 32 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். ஆயினும் இன்னொரு துயரம் பக்கத்திலேயே வளர்ந்துவிட்டது. ‘லான்செட்’ இதழ் 2024இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு, 5 முதல் 19 வயது வரையுள்ள இந்தியருள் உடற்பருமன் உடையோர் 1990இல் ஏறத்தாழ 4 லட்சம் என்றும், 2022இல் ஏறத்தாழ 1.25 கோடி என்றும் கணிக்கிறது. தாத்தாவுக்கு அறுபதில் வந்த சர்க்கரை நோய் தந்தைக்கு நாற்பதில் வந்தது. பேரனுக்கு எப்போது வருமென்று எண்ணவே அஞ்சுகிறோம்.

உணவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எனினும் நம் சமையலறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை. நோன்புக் கஞ்சி கெட்டதன்று. அதைச் சூழ்ந்து நிற்கும் சமோசாவும் பஜ்ஜியும் வண்ண சர்பத்தும்தான் கேள்விக்குரியவை. பிரியாணி என்றோ ஒரு நாளைய விருந்தாக இருந்தவரை தீங்கு செய்ததில்லை. கைபேசியைத் தொட்டால் வாசலுக்கு வரும் அன்றாடப் பொட்டலமான பின்னரே அது வினையாயிற்று. அதனினும் கொடிது, குளிர்பானம். 250 மில்லிலிட்டர் கோலாவில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. நாளொன்றுக்கு 1,500 கலோரி உண்ணும் பிள்ளைக்கு, உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோலின்படி, புறத்தே சேர்க்கும் சர்க்கரையின் உச்சவரம்பே 37 கிராம் அளவுதான். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் இத்தகைய பண்டங்களை விற்கலாகாது என 2020இல் நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. நல்ல விதிதான்; 51ஆவது மீட்டரில் கடை வைப்பவரை அது என்ன செய்யும்?

இங்கே தாய்மார்களைக் குறைகூறி முடித்துவிடுவது மேடைகளில் எளிய வழக்கமாகிவிட்டது. பஞ்சம் கண்ட சமூகத்தில், ‘பூசினாற்போல்’ இருக்கும் குழந்தையே நலமுள்ள குழந்தை என்று பாட்டிமார் நம்பியதில் பிழையென்ன? அந்நம்பிக்கை மாற வேண்டியதே. ஆனால் ஏளனத்தால் மாறாது. ‘குண்டு’ என்று வகுப்பிலும் வீட்டிலும் அழைக்கப்படும் பிள்ளை விளையாட்டை விட்டே ஒதுங்கிவிடுகிறான். பட்டப்பெயரிட்டு இழித்தழைப்பதைத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் வெளிப்படையாகவே விலக்கியிருப்பதை ஆசிரியப் பெருமக்களாகிய நாமே மறந்துபோகிறோம்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பிள்ளை வளர்ப்பைக் கூறுமிடத்து, மிகையுண்ணலை இழிவென உணர்த்துமாறு கூறுகிறார். அத்துடன் நில்லாது, ஓதும் பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளையை நன்கு விளையாடவிட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாது கல்வியிலேயே வருத்தினால் அவன் உள்ளம் மடிந்து அறிவு மழுங்கும் என்றும் எச்சரிக்கிறார். சொன்னவர் உடற்பயிற்சி ஆசிரியர் அல்லர், மார்க்க மேதை. பெண்பிள்ளைகள் ஓடியாடுவதா எனத் தயங்குவோர்க்கு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய ஹதீஸை நினைவூட்டுவதே போதும்.

ஆகவே சமுதாயப் பெரியோர்முன் நாம் வைப்பது உணவுப் பட்டியல் அன்று. ஒரு மணி நேரத்திற்கான விண்ணப்பம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். மாலை மதரஸாக்களை மஃரிபுக்குப் பின்னரோ, ஃபஜ்ருக்குப் பின்னரோ அமைத்தால் ஓதுதல் ஓர் எழுத்தும் குறையாது. மாறாக, விளையாடிக் களித்து ஒளூச் செய்து வந்த பிள்ளை தூங்கி விழாமல் ஓதுவான் என்பது நம் துணிபு. சென்னையில் நவம்பர் இறுதியில் கதிரவன் 5.45 மணிக்கு முன்பே மறைந்துவிடுவதால், அந்த மாதங்களிலேனும் டியூஷனையும் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். இமாம்களும் முத்தவல்லிகளும் பெற்றோரும் ஒருமுறை கூடியமர்ந்தால் தீர்ந்துவிடக்கூடியதே இது.

நேரம் கிடைத்தாலும் இடம்? சந்துகளில் இரு சக்கர வண்டிகள் நிற்கின்றன. மாடி வீடுகளில் கீழ்த்தளத்தார் கோபிக்கின்றனர். ஆனால் நகரெங்கும் நம் சமுதாயக் கல்வி நிலையங்களுக்குத் திடல்கள் உள்ளன. நம் கல்லூரித் திடலின் ஒரு பகுதி மாலையில் வெறுமையாகக் கிடப்பதை வகுப்பறைச் சாளரத்தின் வழியே ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். வாரத்தில் நான்கு நாள் சிறுவர்க்கும், இரண்டு நாள் சிறுமியர்க்கும் அவர்தம் தாய்மார்க்கும் எனத் திறந்துவிடலாம். சிறுமியர் வரும் நாள்களில் பேராசிரியைகளும் மாணவியரும் பொறுப்பேற்கலாம். பயிற்சியாளர் வேண்டியதில்லை, கயிறு, பந்து, நிழல், குடிநீர், ஒரு முதலுதவிப் பெட்டி, கதவருகே ஒரு காவலர் இருந்தால் போதும். எஞ்சியதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துக்கொள்வர். தமிழ்த்துறையினர் வாரம் ஒரு மாலை முறைவைத்துத் திடலில் நிற்க ஒப்புக்கொண்டுள்ளோம். ஆட்சிக்குழுவினரின் இசைவை எதிர்நோக்கியிருக்கிறோம்.