உடம்புக்குள் வருணாசிரமம் உண்டா?

ஜாதி நியாயமானதே என்று சொல்ல வந்த வைதீகர்கள் வெகு காலமாய் ஒரு உடம்பைத்தான் சாட்சிக்கு அழைத்து வருகின்றார்கள். முகத்தில் பிறந்தவன் பிராமணன், தோளில் பிறந்தவன் க்ஷத்திரியன், தொடையில் பிறந்தவன் வைசியன், காலில் பிறந்தவன் சூத்திரன் என்றும், உடம்பிலே தலை தலையாகவும் கால் காலாகவும் இருந்தால்தானே உடம்பு நடக்கும், சமூகமும் அப்படித்தானே என்றும் இன்றைக்கும் மேடையேறிப் பேசுகின்றார்கள். கேட்கின்ற நம்மவர்களும் "அதுவும் சரிதானே" என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போகின்றார்கள். சரி, அவர்கள் அழைத்த சாட்சியையே நாமும் விசாரித்துப் பார்ப்போம்.

நமது ரத்தத்திலும், காய்ச்சல் கண்டால் நெறி கட்டும் கழுத்து, அக்குள் முதலிய இடங்களிலும் கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு உதவி டி அணு என்று பெயர். மற்ற அணுக்களை எழுப்பிப் பலப்படுத்தி வேலையில் ஏவுவதே இதன் முக்கிய வேலை. எலும்பு மஜ்ஜையிலுள்ள தாய் அணுவிலிருந்து வந்த இது, நெஞ்சு எலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் பரீட்சைக்கு நிற்கின்றது. ஒன்றையும் அடையாளம் காணத் தெரியாதவையும், சொந்த உடம்பையே பகையாகப் பிடிப்பவையும் பெரும்பாலும் அங்கேயே மடிகின்றன. நூற்றுக்கு 5-க்கும் குறைவானவையே தேறி வெளியே வருகின்றன.

தேறி வந்த அணு எந்த அடையாளத்தை அறியும் என்பது சீட்டுக் குலுக்கினது போல முன்பே அமைந்துவிடுகின்றது. ஆனால் அது என்ன வேலை செய்யும் என்பதோ இன்னும் முடிவாகவில்லை. கிருமி புகுந்த இடத்திலிருந்து கிளை விட்ட ஒருவகை அணு, அந்தக் கிருமியின் துண்டைத் தூக்கிவந்து இதனிடம் காட்டுகின்றது. அடையாளம் பொருந்தினால் மட்டும் போதாது. ஆபத்து உண்மைதான் என்று இரண்டாவது சைகையும், எந்த விதமான ஆபத்து என்று சைட்டோகைன் என்னும் ரசாயனத் தூதும் வரவேண்டும். அதன் பிறகே அது பெருகித் தன் வேலையை ஏற்றுக்கொள்ளுகின்றது.

அந்த வேலைகள்தான் எத்தனை விதம்! பஞ்சாலைத் தொழிலாளியின் நுரையீரலில் காசநோய்க் கிருமி குடியேறினால், அதை விழுங்கியும் கொல்ல முடியாமல் திணறும் அணுக்களுக்குப் பலம் கொடுக்கும் வகையாக ஆகின்றது. வெறுங்காலோடு வயலில் நிற்பவன் பாதத்தைத் துளைத்துக் கொக்கிப்புழு ஏறினால், புழுவை எதிர்க்கும் வேறு வகையாக ஆகின்றது. பூஞ்சை வந்தால் இன்னொரு வகை. ஆண்டிபாடி என்னும் எதிர்ப்புப் பொருளைச் செய்யும் பி அணுக்களுக்குத் துணை நிற்க மற்றொரு வகை. உதவி அணுக்களுக்குள் இப்படி வகைகள் உண்டென்பதை எலியின் அணுக்களைக் கொண்டு 1986-ல் மோஸ்மன், காஃப்மன் என்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டினார்கள். சண்டை எல்லை மீறாமல் அடக்கும் டி அணுக்களைக் கண்டறிந்ததற்காக சாகாகுச்சி, பிரங்கோவ், ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இந்த வகைகளில் எது முகத்தில் பிறந்தது, எது காலில் பிறந்தது என்று வைதீகர்களைக் கேட்கின்றோம். எல்லாம் ஒரே மஜ்ஜையில் பிறந்தவை. வந்த ஆபத்தைப் பார்த்து வேலை வகுக்கப்பட்டதே ஒழிய, பிறந்த இடத்தைப் பார்த்து அல்ல.

"ஒரு வேலையில் அமர்ந்த அணுவின் சந்ததியும் அதே வேலையைத்தானே செய்கின்றது?" என்று அவர்கள் கேட்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் சூழ்நிலை மாறினால் அவற்றில் சில வேலையை மாற்றிக்கொள்வதும் உண்டு. அன்றியும், அணுக்களைப் பார்த்து மனிதனுக்குச் சட்டம் எழுதவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மனிதன் சமம் என்பதற்கு மனித அறிவும் மானமுமே போதும். உடம்பைச் சாட்சிக்கு இழுத்தவர்கள் அவர்கள். அந்தச் சாட்சி அவர்களுக்கே விரோதமாய்ப் பேசுகின்றது என்பதுதான் நம் வாதம்.

நிற்க, இது நமது ஊர் சங்கதியும் ஆகும். 2021-ம் வருஷம் மே மாதத்தில், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்சுகளும் கொரோனா நோயாளிகளுக்காக இரவும் பகலும் உழைத்துக் கொண்டிருந்தபோது, பக்கத்து இருகூரில் ஒரு மடத்தில் "கொரோனா தேவி" என்று சிலை வைத்து 48 நாள் யாகம் என்றார்கள். பிளேக்குக்கு ஒரு மாரியம்மனைக் கண்ட கோயமுத்தூருக்கு இது புதிதல்ல. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர் உடம்பில் நடந்தது என்ன? கிருமியின் ஒரு அடையாளம் உதவி அணுக்களுக்குக் காட்டப்பட்டது. அவை பி அணுக்களை ஏவின; ஒரு பகுதி நினைவு அணுக்களாக நின்றன. கிருமி பிறகு வந்தபோது பலருக்கு நோய் கடுமையாகாமல் காத்தது இந்தப் படிப்புத்தான். இதில் தேவிக்கு என்ன பங்கு?

இந்த உதவி அணு அழிந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். எச்.ஐ.வி. கிருமி இதன் மேலுள்ள சி.டி.4 என்னும் பொருளைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றது. சுகமான பெரியவர் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கவேண்டிய இந்த அணு 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் என்கின்றார்கள். ஏவுவார் இல்லாமல் மற்ற அணுக்களும் தளர, சாதாரணப் பூஞ்சையும் ஆளைக் கொல்லுகின்றது. இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பதை 1986-ல் சென்னையில் முதலில் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். இன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். தினந்தோறும் தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கி, அணுக்கள் திரும்பப் பெருகுகின்றன.

மருந்து வந்தும் தீராத நோய் ஒன்று இருக்கின்றது. அது நோயாளியின் உடம்பில் இல்லை, ஊரின் மனதில் இருக்கின்றது. ஜாதிக்குத் தனித் தம்ளர் வைத்த அதே புத்திதான் எச்.ஐ.வி. கண்டவருக்குத் தனித் தட்டு வைக்கின்றது. ஒரே தட்டில் உண்பதால் இந்தக் கிருமி பரவாது. வேலையிலும் பள்ளியிலும் வைத்தியத்திலும் இவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2017-ல் சட்டமே செய்யப்பட்டு, 2018 முதல் அமலில் இருக்கின்றது. சட்டத்துக்குப் பயந்தாவது திருந்துவார்களா, அல்லது முன்ஜென்ம பாவம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்களா?

ஆகவே தோழர்களே! பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பு ஊசி போடுங்கள். சந்தேகமிருந்தால் வெட்கப்படாமல் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். நோய் கண்ட அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து உண்ணுங்கள். இனி எவராவது உடம்பை உவமை காட்டி ஜாதிக்கு வக்காலத்து வாங்கினால், "எந்த உடம்பில் ஐயா பார்த்தீர்?" என்று அந்த மேடையிலேயே எழுந்து கேளுங்கள்.